எண்ணெய் எங்கிருந்து வருகிறது? பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எண்ணெய்க் கசிவையும், எஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொண்டுசெல்லும் பிரைமரி செயினையும் பற்றியவை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பழைய வண்டி என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கசிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடாமல் பசையைத் தேடுவதால்தான் கசிவு நிற்பதில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டின் 650 சிசி டிரையம்ஃப் இரட்டைச் சிலிண்டர் வண்டி இருக்கிறது. சென்ற ஆண்டு எஞ்சினை முழுவதும் பிரித்து, கேஸ்கட், ஆயில் சீல் அனைத்தையும் மாற்றினேன். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒரு சொட்டும் விழுவதில்லை. ஆனால் அரை மணி நேரம் வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் எஞ்சினின் பின்பக்கம் எண்ணெயில் நனைந்திருக்கிறது. மறுபடியும் பிரித்துக் கேஸ்கட் மாற்ற வேண்டுமா?

பதில்: பிரிக்க வேண்டாம். நிற்கும்போது வறண்டிருக்கும் எஞ்சின் ஓடும்போது மட்டும் நனைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கேஸ்கட் கிழிந்தோ மூடியின் முகம் வளைந்தோ இருந்தால், எண்ணெய் தன் எடையாலேயே வழிந்து, பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்திலும் அடையாளம் விட்டுவிடும். ஓடும்போது மட்டும் வெளியே வருகிறதென்றால் உள்ளிருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது. அது கிராங்க்கேஸுக்குள், அதாவது பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூட்டுக்குள், அடைபட்டுத் தவிக்கும் காற்று.

உங்கள் வண்டியில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக மேலேறி ஒன்றாகவே கீழிறங்குகின்றன. எனவே ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கேஸுக்குள் காற்று இருக்கும் இடம் 650 கன சென்டிமீட்டர் சுருங்கி, மீண்டும் அதே அளவு விரிகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் இது நிமிடத்துக்கு 4,000 முறை நடக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளிலும் இதே நிலைதான். சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் பிஎம்டபிள்யூவிலும் இரு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் உள்நோக்கி வருவதால் இதிலிருந்து விடுதலை இல்லை. இந்தக் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழி பிஸ்டன் இறங்கும்போது திறந்து, ஏறும்போது மூடிக்கொள்ளவும் வேண்டும். அதுதான் பிரீதரின் வேலை. உங்கள் 1966 மாடலில் இன்லெட் கேம்ஷாஃப்டின் இடது முனையோடு சேர்ந்து சுழலும் துளையிட்ட தட்டு ஒன்று இதைச் செய்கிறது. எஞ்சினைக் கூட்டும்போது அந்தத் தட்டு தன் இடத்தில் சரியாக உட்காராமல் போயிருந்தால், புதுக் கேஸ்கட் எத்தனை போட்டாலும் பயன் இருக்காது.

ஆனால் அதற்காக உடனே கிராங்க்கேஸைத் திறந்துவிட வேண்டாம். முதலில் வெளியே இருக்கும் பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். மடங்கி நசுங்கியிருக்கலாம், பழைய எண்ணெய்க் கசடு உள்ளே இறுகியிருக்கலாம், நெடுநாள் நின்ற வண்டியில் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். குழாய் தெளிவாக இருந்தால் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, குழாயின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பிடியுங்கள். பை வெளிப்பக்கமாகப் புடைத்து, அப்படியே நிற்க வேண்டும். புடைப்பதும் சுருங்குவதுமாக இருந்தால், தட்டு தன் வேலையைச் செய்யவில்லை. அந்த நிலையில் ஒருவழி வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்துவது நல்ல பரிகாரம். கிராங்க்கேஸுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறீர்களோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். பை விடாமல் ஊதிப் பெருகி, உள்ளே புகையும் இருந்தால், எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். புது ரிங்குகள் சிலிண்டரில் இன்னும் படியாமலும் இருக்கலாம். கம்ப்ரஷனை அளந்து பாருங்கள்.

பிரீதர் சரியாக இருந்தும் கசிவு நிற்கவில்லை என்றால், அடுத்த வேலை அது தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. நனைந்திருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எடையால் கீழே இறங்கும், ஓடும்போது வீசும் காற்றால் பின்னே போகும். ஆகவே பின்பக்கம் நனைந்திருந்தால், அதற்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். எஞ்சினை மண்ணெண்ணெயாலும் பிறகு சோப்பு நீராலும் கழுவி, முற்றிலும் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைத் துணி முடிச்சில் கட்டித் தட்டித் தூவுங்கள். ஐந்தாறு நிமிடம் மட்டும் ஓட்டிவிட்டு வந்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரின் நடுவே நூல் போன்ற ஒரு பழுப்புக் கோடு தெரியும். அதன் மேல் முனைதான் நீங்கள் தேடுவது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டால் எல்லாமே பழுப்பாகி அந்தச் சாட்சியம் அழிந்துவிடும்.

உங்கள் மாடலில் கோடு பெரும்பாலும், வால்வுகளை இயக்கும் கம்பிகள் செல்லும் புஷ்ராடு குழாயின் அடியிலோ ராக்கர் பெட்டியின் விளிம்பிலோ தொடங்கும். புஷ்ராடு குழாயின் இரு முனையிலும் உள்ள ரப்பர் வளையங்கள் ஹெட்டை இறுக்கும்போது 0.75 முதல் 1 மில்லிமீட்டர் வரை நசுங்க வேண்டும். குறைவாக நசுங்கினால் அங்கே கசியும். தடிமனான வளையங்களைப் போட்டு அதிகமாக நசுக்க முயன்றால், அவை ஹெட்டையே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹெட் கேஸ்கட்டைக் கசிய வைக்கும். கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறுக்காமல் உட்காரவைத்து, ஹெட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளியை, அளவிட்ட மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளந்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். எத்தனையோ பேர் தவறவிடும் இந்த ஓர் அளவுக்காகவே இந்தப் பதிலை இவ்வளவு நீட்டினேன்.

கேள்வி: கேஸ்கட்டுக்கு எந்தப் பசை நல்லது? ஒரு மெக்கானிக் சிலிக்கானே போதும் என்கிறார், இன்னொருவர் கேஸ்கட்டைக் காய்ந்தபடியே போடச் சொல்கிறார்.

பதில்: பசையைவிட முகம் முக்கியம். மூடியும் கிராங்க்கேஸும் சேரும் இரு பரப்புகளும் தட்டையாக இருந்தால் மெல்லிய காகிதக் கேஸ்கட்டே எண்ணெயைப் பிடித்து நிறுத்திவிடும்; வளைந்திருந்தால் எந்தப் பசையும் நெடுநாள் தாங்காது.

தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றும் 400ஆம் எண் எமரித் தாளும் போதும். மூடியின் முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு, கண்ணாடியின் மேல் விரித்த எமரித் தாளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, மூடியை அதன் மேல் அழுத்தாமல், எட்டு என்ற எண்ணை எழுதுவது போல் நான்கைந்து முறை நகர்த்துங்கள். திருப்பிப் பார்த்தால் மேடான இடங்களில் மை அழிந்திருக்கும், பள்ளங்களில் அப்படியே இருக்கும். அண்மையில் ஒரு பழைய டைமிங் கவரை (கேம்ஷாஃப்டைச் சுற்றும் பற்சக்கரங்களின் மூடி) இப்படித் தேய்த்தபோது, மை அழிந்தது ஸ்குரூ துளைகளைச் சுற்றி மோதிரம் போன்ற வட்டங்களில் மட்டும்தான். பல ஆண்டுகளாக ஒவ்வொருவரும் ஸ்குரூவை மேலும் மேலும் இறுக்கியதில், துளையின் வாய் உதடு போலப் பிதுங்கி மேலே வந்திருந்தது. அந்த உதடுகள்தான் முதலில் முட்டுகின்றன. இரண்டு துளைகளுக்கு நடுவே மூடி தொடவே தொடாது. எண்ணெய் அந்த நடுப்பகுதியில்தான் வருகிறது. வருகிறதே என்று ஸ்குரூவை இன்னும் இறுக்குகிறோம், உதடு இன்னும் பிதுங்குகிறது. பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையால் பிடித்து, துளையின் வாயில் இரண்டு சுற்றுச் சுற்றி அந்தப் பிதுக்கத்தை நீக்கிவிட்டு, மை முழுவதும் சீராக அழியும்வரை தேயுங்கள். தேய்த்த துகள் ஒன்றுகூட எஞ்சினுக்குள் போகாதபடி பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

சிலிக்கானைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் டைமிங் கவருக்கு அதைத் தாராளமாகத் தடவி இறுக்கினேன். வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை அப்போது நினைக்கவில்லை. சில மாதம் கழித்து ராக்கருக்கு எண்ணெய் ஏறாமல், டேப்பட் சத்தம் கூடி, பிரித்துப் பார்த்தபோது, மண்புழு போன்ற சிலிக்கான் துண்டு ஒன்று எண்ணெய்த் துவாரத்தில் சிக்கியிருந்தது. ராக்கர் ஸ்பிண்டில் இரண்டும் தேய்ந்துவிட்டன. அன்றிலிருந்து எஞ்சினின் எண்ணெய்ப் பாதை அருகே நான் சிலிக்கானைக் கொண்டுபோவதில்லை.

உலோகம் உலோகத்தோடு நேரே சேரும் கிராங்க்கேஸ் இணைப்புக்கு, ஹைலோமார் போன்ற, இறுகிக் கெட்டியாகாத பசையை விரலால் மெல்லியதாகத் தடவி, கரைப்பான் ஆவியாகும்வரை சில நிமிடம் விட்டுப் பொருத்துங்கள். அடிக்கடி திறக்கும் மூடிகளின் காகிதக் கேஸ்கட்டுக்கு இரு பக்கமும் கிரீஸ் பூசினாலே போதும். கேஸ்கட் கிழியாமல் திரும்ப உதவும். நெடுநாள் பெட்டியில் கிடந்து சுருங்கிய காகிதக் கேஸ்கட்டைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். செம்பு வாஷர்களை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால், மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுட்டு நீரில் போட்டு எடுங்கள். செம்பு இளகி மென்மையாகிவிடும். சுடாத பழைய வாஷர் ராக்கர் எண்ணெய்க் குழாயில் கட்டாயம் கசியும்.

கேள்வி: என் நார்ட்டன் வண்டி மாதம் ஒருமுறைதான் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆயில் டேங்கில் அளவு குறைந்திருக்கிறது. நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகையும் எண்ணெயும் கொட்டுகின்றன. எண்ணெய் எங்கே போகிறது?

பதில்: எங்கும் போகவில்லை, டேங்கிலிருந்து எஞ்சினின் அடிக்கு இறங்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கிறது. வண்டி நிற்கும்போது அது பம்பின் பற்சக்கரங்களுக்கு இடையே மெல்ல ஒழுகி, எஞ்சினின் அடிப்பகுதியான சம்ப்பில் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் டேங்க் குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுவதுதான் தீங்கு. சம்ப்பில் நிற்கும் எண்ணெயைக் கிராங்க் அடித்துக் கலக்க, அது பிரீதர் வழியாகவும், சீல்களைத் தாண்டியும், சில வண்டிகளில் பிரைமரி செயின்கேஸுக்குள்ளும் போகிறது. இனி டேங்க் அளவை, எஞ்சின் சில நிமிடம் ஓடி எண்ணெய் மேலே திரும்பிய பிறகே பாருங்கள். நெடுநாள் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சம்ப்பின் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்து, சுத்தமாக இருந்தால் டேங்கிலேயே திரும்ப ஊற்றிவிடுங்கள்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே, திறந்து மூடும் ஒரு டேப் பொருத்திக்கொள்ளலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதைத் திறக்க ஒருமுறை மறந்தால் எஞ்சின் போய்விடும். பம்பின் பற்சக்கரப் பக்கவாட்டு இடைவெளியைத் தேய்த்துச் சரிசெய்வதே முறையான வழி.

கேள்வி: 1972 நார்ட்டன் கமாண்டோ வைத்திருக்கிறேன். பிரைமரி செயினுக்கு எந்த எண்ணெய், எவ்வளவு ஊற்ற வேண்டும்? கெட்டியாக இருந்தால் ஒழுகாது என்று 90ஆம் எண் கியர் ஆயில் ஊற்றியிருக்கிறேன். இப்போது கிளட்ச் முழுவதும் விடுபடாமல் இழுக்கிறது.

பதில்: 90ஐ இன்றே வடித்துவிடுங்கள். பிரைமரி செயின்கேஸுக்குள் செயின் தனியாக இல்லை. கிளட்ச்சும் ஆல்டர்னேட்டரும் அதே எண்ணெயில்தான் இருக்கின்றன. கெட்டியான எண்ணெய் கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே பிசின் போல ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரியவிடாது. செயினுக்கும் அதனால் நன்மை இல்லை. பிரைமரி செயினில் எண்ணெய் வேண்டிய இடம் வெளியே தெரியும் ரோலர் அல்ல, உள்ளே இருக்கும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலான மயிரிழை இடைவெளி. தேய்மானம் முழுவதும் அங்கேதான் நிகழ்கிறது. அந்த இடுக்கில் நுழைய எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும். சிலர் ஒழுகாது என்று கிரீஸ் அடைப்பதையும் பார்த்திருக்கிறேன். செயின் அந்தக் கிரீஸில் தனக்கென ஒரு பாதையை வெட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு வறண்டே ஓடும்.

அளவும் குறைவுதான். உங்கள் கமாண்டோவுக்கு 200 மில்லி. செயினின் கீழ்ப்பகுதி எண்ணெயில் சற்றே நனைந்து சென்றால் போதும். எஞ்சிய வேலையை அது வாரியடிக்கும் துளிகளே பார்த்துக்கொள்ளும். லெவல் பிளக்கைத் திறந்து, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்து, மிகுதி வழிந்து நிற்கும்வரை காத்திருந்து மூடுங்கள். ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியில் பார்க்கும் அளவு பொய்யானது. கூடுதலாக ஊற்றினால் நுரைத்துச் சூடாகி, கிளட்ச்சுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் துளை வழியே வெளியே வரும். பல பழைய வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு ஃபெல்ட் வளையம் மட்டுமே இருக்கும்; எண்ணெய் மட்டம் அதற்குக் கீழே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை வடிவமைத்தார்கள்.

எந்த எண்ணெய் என்றால், பழைய கையேடுகள் எஸ்ஏஇ 20 போன்ற மெல்லிய எஞ்சின் ஆயிலைச் சொல்கின்றன. இன்று வாங்கும்போது கார்களுக்கானதைத் தவிர்த்து, ஜாசோ எம்ஏ என்று அச்சிட்டதை வாங்குங்கள். எண்ணெயில் நனைந்த கிளட்ச் வழுக்காது என்பதற்கான தரக்குறி அது. எம்பி என்று இருந்தால் அது உராய்வைக் குறைக்கும் வகை, உங்களுக்கு வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் எண்ணெயைக் கமாண்டோக்காரர்கள் பலர் ஊற்றுகிறார்கள். நானும் டைப் எஃப் வகையை ஊற்றுகிறேன். அதன் சிவப்பு நிறத்தால் எனக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. வண்டிக்கு அடியில் விழும் சொட்டு சிவப்பாக இருந்தால் பிரைமரி, கறுத்திருந்தால் எஞ்சின், கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸ் என்று அட்டை ஒன்றை விரித்து வைத்தே கண்டுகொள்ளலாம்.

இங்கே டிரையம்ஃப் 650 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1970 முதல் அந்த எஞ்சின்களில் கிராங்க்கேஸின் காற்றும் எண்ணெயும் பிரைமரி செயின்கேஸுக்குப் போகும்படி, இடைச் சுவரில் மூன்று சிறு துளைகள் இட்டு, கிராங்க் ஷாஃப்ட்டின் அந்தப் பக்கச் சீலை எடுத்துவிட்டார்கள். அவற்றில் இரண்டு எண்ணெயும் ஒன்றே. ஏடிஎஃப் ஊற்றினால் அது எஞ்சினுக்கே போய்ச் சேரும். எஞ்சின் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

எண்ணெயை மாற்றிய பிறகு சில நூறு கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், எண்ணெய் மேல் பழி போடாமல் செயின்கேஸின் லெவலைப் பாருங்கள். லெவல் ஏறி, கியர்பாக்ஸில் இறங்கியிருந்தால், கியர் ஆயில் கிளட்ச் புஷ்ராடின் வழியே, உள்ளீடற்ற ஷாஃப்ட்டுக்குள் நடந்து வந்து பிளேட்டுகளில் சேர்கிறது. கமாண்டோவில் இது நன்கு அறியப்பட்ட குறை. ஷாஃப்ட்டின் கிளட்ச் முனையில் புஷ்ராடைச் சுற்றி ஒரு சிறு சீல் பொருத்தி, பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி உலர்த்திப் போட்டால் தீரும்.

கேள்வி: பிஎஸ்ஏ ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் பிரைமரி மூடியைத் திறந்தபோது செயினின் இணைப்புகளில் செங்கல் தூள் போன்ற பொடி இருந்தது. எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடுமா? செயினை எவ்வளவு இறுக்கமாக வைப்பது?

பதில்: அந்தச் சிவப்புப் பொடி செயினின் கதறல். பின்னும் புஷ்ஷும் எண்ணெயின்றி ஒன்றையொன்று உரசி, உதிர்ந்த இரும்பு துருவாகி வெளியே வருகிறது. செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, கையில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். நல்ல செயின் சற்றே வளைந்து நிற்கும். தேய்ந்தது வில்லாகத் தொங்கும். பிறகு மேசையில் நீட்டி, ஒரு முறை நெருக்கித் தள்ளியும் ஒரு முறை இழுத்தும் அளந்து, புதிய நீளத்தோடு ஒப்பிடுங்கள். 12 அங்குலத்துக்குக் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 சதவீதம் நீண்டிருந்தால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்புராக்கெட்டின் பற்களையும் கெடுத்துவிடும். புதிய செயினில் தொழிற்சாலையில் தோய்த்து அனுப்பும் கிரீஸைப் பெட்ரோலால் கழுவிவிட வேண்டாம். அது ஏற்கெனவே பின்னுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இறுக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு. கியர்பாக்ஸை நகர்த்தி இறுக்கும் பல பழைய வண்டிகளில் மேல் பாதியின் நடுவில் அரை அங்குலம் அசைவு இருக்க வேண்டும்; உள்ளே டென்ஷனர் உள்ளவற்றில் இதைவிடக் குறைவு. எஞ்சினைக் கையால் சுற்றி, ஐந்தாறு நிலைகளில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கேதான் அளக்க வேண்டும், ஏனெனில் செயின் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. தளர்வான செயின் மூடியில் அடித்துச் சத்தம் போடும், அவ்வளவுதான். மிக இறுகிய செயின் கிராங்க் பேரிங்கையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் ஒருசேர இழுத்துக் கெடுக்கும். பேரிங் தளர்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் சீல் தாங்காது. கசிவைத் தேடிப் போகும் பலர் இந்தச் செயினைப் பார்ப்பதே இல்லை. கியர்பாக்ஸை நகர்த்தினீர்கள் என்றால் பின் செயினையும், அதன் பிறகு பின் பிரேக்கையும் மறுபடி சரிசெய்ய மறக்க வேண்டாம்.

கேள்வி: புல்லட்டின் பிரைமரி மூடி எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறது.

பதில்: இறுக்குவதால்தான் ஒழுகுகிறது. மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்டு. அதை அளவுக்கு மேல் இறுக்கினால் மூடியின் நடு உள்ளே குழிந்து, விளிம்பு எழும்புகிறது. மூடியை எடுத்து ஒரு நேரான இரும்பு அளவுகோலை விளிம்பின் மேல் வைத்துப் பாருங்கள். விளிம்பு சரியாக இருந்தால், ரப்பர் வளையத்தை மாற்றி, அதன் பள்ளத்தைச் சுத்தம் செய்து, கிரீஸ் பூசிப் பொருத்தி, வளையம் முழுவதும் சீராக அழுந்தியவுடன் நிறுத்திவிடுங்கள். நட்டின் அடியில் உள்ள வாஷரையும், ஆல்டர்னேட்டர் வயர் வெளியே வரும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். மூடியின் மேல் பழி விழும் எண்ணெய் பலமுறை அந்த வயர் வழியே வந்ததாகவே இருக்கிறது.

கேள்வி: ஜாவா 250 வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. புகை மட்டும் அதிகம்.

பதில்: எண்ணெய் எரிந்துபோகிறது. உங்கள் வண்டியில் பிரைமரி செயினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க்கேஸ், பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் காற்றை உறிஞ்சுவதால், பிரைமரி பக்கத்துக் கிராங்க் சீல் தேய்ந்தவுடன் அந்த எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. சீலை மாற்றும்போது ஷாஃப்ட்டில் அதன் உதடு தேய்த்த கோடு நகத்தில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் புதிய சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத இடத்தில் அமரும்படி செய்ய வேண்டும்.

கேள்வி: பின் டயரின் இடது ஓரத்தில் எண்ணெய் தெறித்திருக்கிறது. பிரைமரியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: டயரில் எண்ணெய் இருக்கும்வரை ஓட்ட வேண்டாம், வளைவில் சாயும்போது அந்த ஓரம்தான் தரையைத் தொடும். பிரைமரி வறண்டிருந்தால் இரண்டு இடங்கள் மிச்சம். பின் செயினுக்கு நீங்கள் எண்ணெயை அதிகமாக விட்டிருக்கலாம்; சில மாடல்களில் டேங்கிலிருந்தோ செயின்கேஸிலிருந்தோ பின் செயினுக்குச் சொட்டுவிடும் ஏற்பாடே உண்டு, அதை அதிகம் திறந்துவிட்டிருக்கலாம். இல்லையென்றால், பிரைமரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் கியர்பாக்ஸ் ஸ்புராக்கெட்டின் சீல் போயிருக்க வேண்டும். ஸ்புராக்கெட்டின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள், கியர் ஆயிலின் நெடி தனியாகத் தெரியும். அந்தச் சீலை மாற்றக் கிளட்ச்சையும் உள் செயின்கேஸையும் எடுத்தாக வேண்டும். கமாண்டோவில் உள் செயின்கேஸுக்குப் பின்னால் ஒரு ஸ்டட்டில், இடைவெளியை நிரப்பும் மெல்லிய வாஷர்களான ஷிம்கள் இருக்கும். எத்தனை இருந்தன என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, கூட்டும்போது இடைவெளியை அளந்தே திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் செயின்கேஸ் முறுக்கிக்கொண்டு அங்கே புதிதாக ஒழுகத் தொடங்கும். டயரைச் சோப்பு நீரால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, பின் பிரேக் டிரம்மைத் திறந்து ஷூக்களில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.